அரை மாத்திரைதானே டாக்டரம்மா!

போன ஞாயிறு இரவு பத்தே முக்கால். கிளினிக்கைப் பூட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. கட்டைப்பைக்குள் துண்டு சுற்றிய பூனை. துண்டை விலக்கி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, பால் ஊற்றாத டிகாஷன் நிறத்தில் இருந்தது. முகம் வீங்கியிருந்தது, முன்பாதங்கள் உப்பியிருந்தன, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கேட்கவே தேவையில்லை. இருந்தாலும் கேட்டேன்: "என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

"அரை மாத்திரைதான் டாக்டரம்மா. கட்டிலுக்கு அடியில போய் முனகிக்கிட்டே இருந்துச்சு, பார்க்க முடியல. குழந்தைங்களுக்கே கொடுக்கிறதுதானே?"

பாராசிட்டமால் 650. இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது பூனை.

வியாழக்கிழமைதான் அந்தப் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்திருந்தேன். அன்று இதே அம்மா "மயக்க ஊசியால ஒண்ணும் ஆகாதே?" என்று என்னிடம் நான்கு முறை கேட்டார். கேட்டது நியாயம்தான், நானும் நான்கு முறை பதில் சொன்னேன். ஆக்சிஜன், தொண்டைக்குழாய், நாடித்துடிப்பு காட்டும் கருவி, பக்கத்தில் கண்ணை எடுக்காமல் பார்க்க ஒரு ஆள், இவ்வளவும் வைத்துக்கொண்டு போடுகிற ஊசிக்கு அத்தனை பயம். டிவி ஸ்டாண்டில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையிலிருந்து உடைத்த மாத்திரைக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. நாங்கள் கொடுத்தனுப்பிய வலி மருந்தோ இரண்டாம் நாளே நின்றுபோயிருந்தது. "நல்லா சாப்பிட்டுச்சு, அதான் வலி இல்லைன்னு நெனச்சோம்."

அந்தப் பூனை செவ்வாய் விடியற்காலை இறந்துபோனது.

சரி, இந்தக் "குழந்தைங்களுக்கே கொடுக்கிறது" கணக்கை ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். எத்தனையோ பேரிடம் வாயால் சொல்லிச் சலித்துவிட்டது.

650 மில்லிகிராமில் பாதி 325. பூனை 3 கிலோ. ஒரு கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் போகிறது. அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் பத்து மாத்திரையை ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். "அப்போ கால் மாத்திரை கொடுக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். கூடாது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சு ஏறிய பூனைகள் உண்டு. 3 கிலோ பூனைக்கு அது 30 மில்லிகிராம்தான், மாத்திரையை இருபதாக உடைத்தால் வரும் ஒரு துணுக்கு. "அப்போ குழந்தைக்கான சிரப்?" 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் கால் ஸ்பூனே அந்த அளவுக்கு வந்துவிடும். சொட்டு மருந்து அதைவிடக் கெட்டியானது.

எடை பார்த்து அளவைக் குறைப்பது மனிதர்களுக்குள் செல்லும். பெரியவருக்கு ஒன்று, பையனுக்குப் பாதி, கைக்குழந்தைக்குச் சொட்டு என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஏனென்றால் எல்லோருடைய கல்லீரலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பூனைக்கு அந்தக் கல்லீரல் இல்லை. பாராசிட்டமாலை ஆபத்தில்லாத பொருளாக மாற்றி வெளியேற்ற உதவும் நொதியைச் செய்கிற மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமில்லை, வண்டலூரில் இருக்கிற சிங்கத்துக்கும் புலிக்கும் இதே கதைதான். மருந்து வேறு வழியில் போய் விஷமாக மாறி ரத்தச் சிவப்பணுவைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகிவிடுகிறது. நான் பார்த்த டிகாஷன் நிறம் அதுதான். பூனை சின்னக் குழந்தை மாதிரி என்று கொஞ்சுங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மருந்து விஷயத்தில் மட்டும் அது சின்னக் குழந்தை இல்லை, வேறு உயிர்.

தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, முதல் சில மணி நேரத்தில் வந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். திட்டுவேன் என்று பயந்து மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் ஊசியைப் போட்டுக்கொண்டே திட்டுவேன். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் மட்டும் புகட்டாதீர்கள், அது தனியாக ஒரு நஞ்சு.

நாய்க்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். உங்கள் வீட்டு வில்லன் ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும். மூட்டுவலிக்கு அப்பா போடுகிற மாத்திரையை நொண்டுகிற நாய்க்கும் கறித்துண்டில் வைத்துக் கொடுப்பீர்கள், முதல் இரண்டு நாள் துள்ளி ஓடும். மூன்றாம் நாள் தார் போலக் கறுப்பாக மலம், காப்பித்தூள் கலந்தது போல வாந்தி. இரைப்பை புண்ணாகியிருக்கும், சிறுநீரகமும் அடிபட்டிருக்கும். ஏற்கெனவே யாரோ தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு எழுதியிருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் வந்ததும் "வேற என்ன மருந்து போகுது?" என்று துருவுகிறோம்.

டைக்ளோஃபினாக் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துத்தான் இந்தியாவில் அந்த இனமே கிட்டத்தட்டத் துடைக்கப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குக் குத்துகிறார்கள் என்பதால் 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மாட்டுக்கு வலி என்றால் மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்கும் கெடுதல் இல்லை. நீலகிரியை ஒட்டிய நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காகவாவது மெடிக்கல் ஷாப்பில் எதையாவது வாங்கிக் குத்தாதீர்கள்.

இனி அந்த மயக்க ஊசிப் பயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களையும் எண்பதாயிரம் பூனைகளையும் கணக்கில் எடுத்து 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மயக்கம் தொடர்பான சாவு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24. நாய்க் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆரோக்கியமான நாய்களில் 0.05, நோயுற்ற நாய்களில் 1.33. ஒரே மாதிரி மயக்கத்துக்கு இத்தனை வித்தியாசம். "சின்ன ஆபரேஷனுக்கு எதுக்கு ரத்தப் பரிசோதனை, காசு பிடுங்கவா?" என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பதில் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்று: இறந்த பூனைகளில் பாதிக்கு மேலும், நாய்களில் ஏறக்குறைய பாதியும் ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். "முடிஞ்சிடுச்சுல்ல டாக்டர், தூக்கிட்டுப் போகலாமா, ஆட்டோ வெயிட்டிங்" என்று வாசலில் நிற்பவர்களை நான் ஏன் உட்கார வைக்கிறேன் என்று இப்போது தெரிகிறதா? கண் திறந்திருப்பதைக் காட்டி விழித்துவிட்டது என்பார்கள். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்ட பூனை முழு மயக்கத்திலும் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கும். கண் காய்ந்துவிடக் கூடாது என்று நாங்கள் களிம்பு தடவுவதே அதனால்தான்.

அடுத்து, பட்டினி. முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் காலை வரை இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். காலையில் லேப்ரடார் வந்தது. "எதுவும் கொடுக்கலையே?" "இல்லவே இல்ல டாக்டர்." மயக்கத்துக்கு முன்னால் போடும் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் மேஜை முழுக்கத் தயிர்சாதம். பாட்டி வேலை. "வெறும் வயித்தோட எப்படிம்மா கத்தி வைக்கிறது, பாவம்!" பாட்டியின் பாசத்தில் குறையில்லை. ஆனால் அந்தச் சாதம் பத்து நிமிடம் கழித்து, நாய் விழுங்கும் உணர்வே இல்லாமல் கிடந்த நேரத்தில் மேலே வந்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போயிருக்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், நாளைக்குச் செய்துகொள்ளலாம். ஒன்றும் குடி முழுகாது.

இதை எல்லா உயிருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டு குட்டிகளைப் பட்டினி போடாதீர்கள். இரண்டு மாதக் குட்டியை இரவெல்லாம் காயப்போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். முயலுக்கு வாந்தியே வராது, அதற்குத் தீனி கிட்டத்தட்ட கடைசி வரை போக வேண்டும். மாடும் ஆடும் தனிக் கதை. படுக்கப் போட்டால் வயிறு உப்பி மூச்சை அமுக்கும். அதனால் மாட்டுக்கு சிசேரியன்கூடப் பெரும்பாலும் நிற்க வைத்து, விலாவை மரத்துப்போகச் செய்துதான் செய்கிறோம்.

இடையில் ஒரு வார்த்தை. சைலசின் என்ற மயக்க மருந்துக் குப்பியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற "அனுபவஸ்தர்கள்" இதைப் படிக்க மாட்டார்கள், அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் படியுங்கள். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். "உருவம் பெருசு, டோஸும் பெருசு" என்பது இங்கே செல்லாது. அப்புறம் நம் சிப்பிப்பாறையும் கன்னியும். உடம்பில் கொழுப்பே இல்லாத வேட்டை நாய்கள். தயோபென்டோன் என்ற மயக்க ஊசி போட்டால் மற்ற நாய்களைவிட எழ வெகுநேரம் ஆகும். மூக்கு சப்பி மூச்சுக்குத் திணறும் பக் நாய்க்கு வேறு தலைவலி, அது நன்றாக விழித்து மெல்லத் தொடங்கும்வரை தொண்டைக்குழாயை எடுக்க எனக்கு மனசு வராது.

வலி பற்றி இன்னும் கொஞ்சம். "கத்தவே இல்லையே டாக்டர்" என்பது என் காதில் தினமும் விழுகிறது. பூனை கத்தாது, ஒளிந்துகொள்ளும். காது தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பும், கண் பாதி மூடும், மூக்கும் வாயும் இறுகும், மீசை நீட்டி விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடும் முறையைக் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்து தேவை. வீட்டிலிருந்து முகத்தை நேராக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் எனக்கு அதுவே பாதி சேதி சொல்லிவிடும். "உர்ர்ர்னு சந்தோஷமா இருக்கு" என்பதையும் நம்பாதீர்கள், வலியிலும் பூனை அந்தச் சத்தம் போடும். நாய் ஓரிடத்தில் படுக்காமல் எழுந்து எழுந்து இடம் மாறும், தையல் பக்கம் தொட்டால் திரும்பிப் பார்க்கும்.

"கொஞ்சம் வலி இருந்தாத்தான் அசையாம கிடக்கும், தையல் பிரியாது" என்ற பழைய பாடத்தை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். இன்றும் சில சகாக்கள் சொல்கிறார்கள். வலியில் இருக்கும் விலங்கு சாப்பிடாது, தையலைத்தான் கடிக்கும். அதை நிறுத்த வைப்பது வலி மருந்தும் கழுத்தில் மாட்டுகிற அந்தக் கூம்பும்தான். கத்தி வைப்பதற்கு முன்பே வலி மருந்து போட்டு, வெட்டும் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னும் போட்டால் மயக்க மருந்தே குறைவாகத்தான் தேவைப்படுகிறது. பயந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மயக்கம் போடுறீங்களே, வலிக்கு என்ன போடுறீங்க?" கேளுங்கள், எந்த டாக்டரையும் கேளுங்கள். கோபப்பட மாட்டோம்.

வீட்டுக்குப் போனதும் கட்டிலிலோ சோபாவிலோ படுக்க வைக்காதீர்கள், தள்ளாடி விழும். தரையில் சாக்கு விரித்து மேலே பழைய போர்வை, ஏசி வேண்டாம். தானாக நின்று நேராக நடக்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தையலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து நாள் மருந்து என்றால் ஐந்து நாள். துப்பிவிட்டது என்றால் விட்டுவிடாமல் போன் செய்யுங்கள், கலந்து கொடுக்க வேறு வழி சொல்கிறேன்.

ராத்திரி முனகினாலும் கூப்பிடுங்கள். நான் தூங்கியிருந்தால் நாலாவது ரிங்கில் எடுப்பேன். அதுவரை அந்த டிவி ஸ்டாண்டுப் பக்கம் போகாதீர்கள்.