துவெந்தே: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலையான ஃபிளமெங்கோ பற்றித் தமிழில் எழுதும்போது, பாடுபவரின் உள்ளேயிருந்து எழுந்து ஆட்டிவைக்கும் ஆற்றலைக் குறிக்கும் துவெந்தே என்ற ஸ்பானியச் சொல்லை 'ஆன்மா' என்றோ 'உணர்ச்சிப் பெருக்கு' என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தாது. உச்சரிப்பிலும் பிழை நேர்கிறது. நாக்கு பல்லைத் தொடும் ஒலி இது. 'டுவெண்டே' என்று எழுதக் கூடாது.

ஸ்பானிய மொழியில் 'துவென்யோ' என்றால் உடையவன். லத்தீன் 'தோமினுஸ்' வழி வந்த சொல். 'வீட்டை உடையவன்' என்ற தொடர் தேய்ந்து துவெந்தே ஆயிற்று. வீட்டுக்குள் குடியிருந்து சாமான்களை உருட்டும் குட்டிப் பேய் என்பதுதான் பழைய பொருள். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் அந்தப் பேய் பாட்டுக்குள் குடியேறியது.

அதை உலகறியச் செய்தவர் ஸ்பானியக் கவிஞர் லோர்கா. 1933இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸில் ஆற்றிய உரையில், தேவதையும் கலைமகளும் வெளியிலிருந்து வருபவர்கள், துவெந்தே உள்ளேயிருந்து எழுவது என்று பிரித்தார். சாவின் நிழல் விழாத இடத்துக்கு அது வராது என்றும் சொன்னார். அவர் காட்டிய சான்று பாடகி பஸ்தோரா பவோன். காதிஸ் நகர மதுக்கடை ஒன்றில் குரலை விதவிதமாக வளைத்துப் பாடுகிறார், கூட்டம் அசையவில்லை. எழுந்து ஒரு கோப்பைக் காட்டமான சாராயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெந்த தொண்டையோடு, நெளிவு சுளிவு எதுவுமின்றிப் பாடுகிறார். அப்போதுதான் துவெந்தே வருகிறது.

இதைக் கேட்டுவிட்டுக் கத்தினாலே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பிழை. சொலெயா என்ற ஃபிளமெங்கோ பாடல்வகையில் தாளச் சுற்று 12 எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12இல் அழுத்தம் விழும். பாடகர் 'ஆய்...' என்று நெடுநேரம் இழுத்துக் குரலைப் பதப்படுத்திக்கொண்டுதான் சொல்லுக்குள் நுழைவார். எவ்வளவு உருகினாலும் தாளத்தை விட்டுவிட்டால் கூட்டத்திலிருந்து 'ஓலே' என்ற பாராட்டுக் குரல் ஒன்றுகூட எழாது.

இனி தமிழ்ச் சொல். 'அருள்' மேலிருந்து இறங்குவது. லோர்காவின் தேவதைக்குத்தான் அது சரி. 'ஆவேசம்' இன்று வெறும் கோபமாகிவிட்டது. 'மருள்' நெருங்கி வருகிறது, ஆனால் 'அவர் பாட்டில் மருள் உண்டு' என்றால் குழப்பம் என்றே படும்.

'அணங்கு' என்பதே என் தேர்வு. மலையிலும் நீர்த்துறையிலும் உறைந்து ஆளை வருத்தும் ஆற்றலுக்குச் சங்கப் பாடல்களில் அதுதான் பெயர். தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் அணங்கை முதலில் வைக்கிறது. உறைவதும் வருத்துவதும் ஒரே சொல்லில் அடங்குவது துவெந்தேக்கு அப்படியே பொருந்துகிறது. அழகிய பெண் என்ற இன்றைய பொருள் குறுக்கிடும் என்பதால் முதல் இடத்தில் 'துவெந்தே என்னும் அணங்கு' என்று எழுதுங்கள். 'துவெந்தே உள்ள குரல்' என்ற ஸ்பானிய வழக்குக்கோ புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. அகநானூறு மலையை 'அணங்குடை நெடுவரை' என்கிறது. அதே அச்சில் 'அணங்குடைக் குரல்' என்று எழுதலாம்.