தயிர் ஐஸ் ஏன் நறநறக்கிறது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் தினமும் ஐஸ்கிரீம் கேட்கிறார்களாம். கடையில் வாங்கித் தர மனசில்லாமல், வீட்டுத் தயிரில் மாம்பழத்தையும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையையும் போட்டு அடித்து, டம்ளரில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். "முதல் நாள் எடுத்தா கல்லாட்டம் இருந்துச்சுங்க. நாலு நாள் கழிச்சு எடுத்தா மணலாட்டம் நறநறங்குது. கடையில வாங்கறது மட்டும் எப்படிங்க வெண்ணெயாட்டம் இருக்குது?"

அருமையான கேள்வி. கல்லானது ஒரு காரணத்தால், மணலானது இன்னொரு காரணத்தால். இரண்டையும் அவர் தனித்தனியாகக் கவனித்திருக்கிறார். பாதி விடை அந்தக் கவனிப்பிலேயே இருக்கிறது.

பால் தயிராவதையும் உறைதல் என்கிறோம், தண்ணீர் பனிக்கட்டியாவதையும் உறைதல் என்கிறோம். சொல் ஒன்று, நடப்பது வேறு. முதலாவது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். உறைமோரில் உள்ள பாக்டீரியா பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகிறது. புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 6.6 பக்கத்திலிருந்து 4.6 பக்கம் இறங்கும்போது கேசின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வலை பின்னுகின்றன. அந்த வலையில் தண்ணீர் சிக்கி நிற்பதுதான் தயிர். நமக்கு இதில் வேண்டிய சேதி ஒன்றே ஒன்று. பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். தயிரானாலும் அந்தத் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. தயிரை ஃப்ரீசரில் வைப்பது என்றால் பெரும்பாலும் தண்ணீரை ஃப்ரீசரில் வைப்பதுதான்.

சரி, முதலில் கல்.

பனிப்படிகம் வளரும்போது தண்ணீர் மூலக்கூறுகளை மட்டும்தான் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சர்க்கரை, புரதம், அமிலம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். அதனால் படிகம் வளர வளர, சுற்றி மிச்சமிருக்கும் தண்ணீரில் இனிப்பு ஏறிக்கொண்டே போகும். இனிப்பு ஏற ஏற, அந்தத் தண்ணீர் உறைய இன்னும் கூடுதல் குளிர் வேண்டும். இப்படியே போய், மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஐஸ்கிரீமில்கூட ஏறத்தாழ கால் பங்கு தண்ணீர் உறையாமல், கெட்டியான பாகாகப் படிகங்களுக்கு நடுவே நிற்கும். கரண்டி இறங்குவது இந்தப் பாகின் தயவால்தான். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையை மிகவும் குறைத்தால் பாகும் குறைகிறது. அப்போது படிகங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கல்லாகிவிடும். ஆக, சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டுமானதல்ல.

இங்கே ஒரு கணக்கு உதவும். உறைநிலையை இறக்குவதில் கரைந்த பொருளின் எடையைவிட, அதில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். பிரெஞ்சு வேதியியலாளர் ரவுல்ட் 1880களில் வரிசையாகச் சோதனை செய்து காட்டியது இது. வெள்ளைச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ். அதன் மூலக்கூறு எடை 342. குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் 180. அப்படியானால் ஒரே எடைக்கு இவற்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மூலக்கூறுகள். தேனில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். தேனில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று கழித்துவிட்டாலும், அதே எடை சர்க்கரையைப்போல ஒன்றரை மடங்கு வேலை செய்யும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகியிருக்கும், கூடவே தண்ணீரைப் பிடித்துவைக்கும் பெக்டினும் உண்டு. தோல் கறுத்துப்போய் யாரும் தொடாத கதலிப்பழம் இரண்டை மசித்துச் சேர்த்தாலே கல் இளகும்.

இனி மணல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

பனிப்படிகத்தின் அளவு சுமார் 50 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால், நாக்குக்கு அது தனித் துகளாகத் தெரியாது. வழுவழுப்பாகவே இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட நறநறப்பு. முதல் நாள் சின்னதாக இருந்த படிகம் நாலு நாளில் எப்படிப் பெரிதாகிறது? ஃப்ரீசரில் புதிதாகத் தண்ணீர் எதுவும் சேரவில்லையே?

ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைச் சதுரமாக அடுக்கியிருக்கிறார்கள். நட்டநடுவில் இருக்கும் மூட்டையை ஆறு பக்கமும் மற்ற மூட்டைகள் பிடித்திருக்கின்றன, அது அசையாது. ஓரத்து மூட்டைக்கு ஒரு பக்கம் பிடிப்பு இல்லை. மூலை மூட்டைக்கு மூன்று பக்கம் இல்லை, யாராவது இடித்தால் அதுதான் முதலில் விழும். இப்போது எண்ணிப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்று மூன்றாக அடுக்கினால் மொத்தம் 27 மூட்டை. அதில் 26 வெளிப்புறத்தில், ஒன்றே ஒன்று உள்ளே. பத்துப் பத்தாக அடுக்கினால் மொத்தம் 1000. அதில் 488 வெளியே, 512 உள்ளே. அடுக்கு சின்னதாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லா மூட்டையும் ஓரத்து மூட்டைதான். பெரிய அடுக்கில் பாதிக்கு மேல் பத்திரமாக உள்ளே இருக்கின்றன.

பனிப்படிகத்திலும் இதே கதைதான். பனிக்கட்டியின் உள்ளே ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு கைகோர்த்து நிற்கிறது. மேற்பரப்பில் இருப்பதற்கு அத்தனை கை கிடைப்பதில்லை. சின்னப் படிகத்தில் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் விகிதத்தில் அதிகம் என்பதால், அது பெரிய படிகத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே உருகுகிறது. அப்படிக் கழன்ற மூலக்கூறு பாகுக்குள் அலைந்து திரிந்து, பக்கத்தில் இருக்கும் பெரிய படிகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அதற்குப் பிடிப்பு அதிகம். சின்னது இன்னும் சின்னதாகிறது, பெரியது இன்னும் பெரிதாகிறது. கடைசியில் சின்னது காணாமலே போய்விடுகிறது. இதற்கு ஆஸ்ட்வால்ட் முதிர்வு என்று பெயர். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1909ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர். பூட்டிய ஃப்ரீசருக்குள், யாரும் தொடாமல், ஒரு கிண்ணத்துத் தயிரில் இத்தனை கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

மே மாதத்தில் கரண்ட் போனால் இது இன்னும் வேகமெடுக்கும். ஃப்ரீசரில் குளிர் குறையும்போது முதலில் உருகி மறைவது சின்னப் படிகங்கள். கரண்ட் வந்து மறுபடி குளிரும்போது அந்தத் தண்ணீர் புதுப் படிகங்களாகப் பிறப்பதில்லை. புதிதாகப் பிறப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் படிகத்தில் ஒட்டுவது எளிது. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் படிகங்களின் எண்ணிக்கை குறைகிறது, உருவம் பெருக்கிறது. கரண்ட் போகாத வீட்டிலும் இது உண்டு. தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜில் அவ்வப்போது ஒரு ஹீட்டர் ஓடும், அப்போதும் கொஞ்சம் சூடு ஏறி இறங்கும். கோபி அம்மணியின் நாலு நாள் மணல் இப்படித்தான் விளைந்திருக்கும்.

கடைக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? குளிர்ந்த உருளையின் சுவரில் கலவையை மின்னல் வேகத்தில் உறையவைத்து, கத்தியால் சுரண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வேகமாக உறைந்தால் ஒரே நேரத்தில் ஏராளமான படிகங்கள் பிறக்கும், எதற்கும் பெரிதாக வளரத் தண்ணீர் மிஞ்சாது. அப்புறம் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்து போன்றவற்றைச் சேர்ப்பார்கள். பாகு கொழகொழப்பானால் மூலக்கூறுகள் அலைவது மெதுவாகும். வேகமாக உறையவைப்பது நம் ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல. சின்ன வயதில் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசையாகக் குச்சி ஐஸ் அச்சுகள். பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் அந்தத் தண்ணீர் உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது எனக்கு மந்திரமாகத் தெரிந்தது. பின்னால் படித்தபோதுதான் அதுவும் ரவுல்ட் சொன்ன விஷயம் என்று புரிந்தது.

படிகம் வளர்வதைத் தடுப்பதில் மனிதர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அண்டார்டிகா மீன்கள். அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரில் மீனின் ரத்தம் உறைந்திருக்க வேண்டும், ஆனால் உறைவதில்லை. ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்கர் 1960களில் அங்கே போய், அந்த ரத்தத்தில் ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது பனிப்படிகத்தின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் செய்கிறது. பிற்பாடு இந்த வகைப் புரதங்கள் ஐஸ்கிரீமுக்கே வந்து சேர்ந்தன. மீன் ஏன் உறையவில்லை என்று கேட்டுக்கொண்டு பனிக்கடலுக்குப் போகிறவருக்கு யாரோ நம்பிப் பணம் கொடுத்ததால் நடந்தது இது. இதனால் என்ன லாபம் என்று முதல் நாளே கேட்டிருந்தால் அவர் கிளம்பியிருக்கவே முடியாது. நம் ஊர்க் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மீன் புரதம் நமக்குக் கிடைக்காது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி கிடைக்கும். மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து வெந்து கூழானால் தண்ணீரைக் கட்டிப்போடும், குளிரிலும் அவ்வளவாகப் பிரிந்து போகாது.

செய்முறை இவ்வளவுதான். அரை லிட்டர் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மூன்று நான்கு மணி நேரம் வடியவிடுங்கள். எருமைத் தயிரானால் கொழுப்பு கூடுதல், இன்னும் வழுவழுப்பாக வரும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம். ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை டம்ளர் பாலில் கண்ணாடியாக வேகவைத்து, மசித்து ஆறவிடுங்கள். வடித்த தயிர், ஒரு மாம்பழத்தின் சதை அல்லது இரண்டு கதலி, இரண்டு மூன்று ஸ்பூன் தேன், ஜவ்வரிசிக் கூழ் எல்லாவற்றையும் சேர்த்து நன்றாக அடியுங்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், அதனால் கலவை ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். முன்னதாகவே ஃப்ரீசரில் குளிரவைத்த எவர்சில்வர் தட்டில் அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே மாதுளை முத்தும் பொள்ளாச்சித் தேங்காய்த் துருவலும் தூவி, உறைந்ததும் உடைத்துக் கொடுங்கள். டம்ளரில் ஊற்றினால் நடுப்பகுதி உறைய வெகுநேரமாகும், அந்த நேரமெல்லாம் படிகம் வளரும். மெல்லிய தட்டில் அந்த அவகாசம் இல்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது, இது கண்டிப்பு.

ஃப்ரீசரில் வைத்தால் தயிரின் நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துவிடுமா என்றும் அவர் கேட்டிருந்தார். கொஞ்சம் சாகும், நிறைய தூங்கும். வயிற்றுக்குள் போய்ச் சூடு கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். சளி பிடிக்கும் என்று அவர் மாமியார் பயப்படுகிறாராம். சளியைக் கொண்டுவருவது வைரஸ், தயிரோ குளிரோ அல்ல. விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டாரை வெறுங்கையோடு அனுப்புவதையும் இப்போதாவது விட்டுவிடலாம். இருட்டினாலும் பாக்டீரியா அதே வேலையைத்தான் செய்யும்.

அப்புறம், ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் அந்த நறநற ஐஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க உருகவிட்டு, பழுத்த கதலி ஒன்றை மசித்துப் போட்டு அடித்து, தட்டில் பரப்பி மறுபடி உறையவையுங்கள். பெரிய படிகங்கள் எல்லாம் கரைந்து, இந்த முறை எல்லாமே சின்னதாகத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.