ராயல்டி: இறையும் இறையிலியும்

எடுத்து முடித்த புகைப்படத்தை மற்றவர் பயன்படுத்தும்போதெல்லாம் எடுத்தவருக்குச் சேரும் பங்குதான் ராயல்டி. ‘சும்மா இருந்தாலும் வரும் வருமானம்’ என்று புகைப்படக்காரர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுவே. படச் சந்தையில், அதாவது புகைப்படங்களுக்கு உரிமம் விற்கும் இணையதளங்களில், ஆயிரக்கணக்கில் படம் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தேடுசொற்களை எழுதி உட்கார்ந்தவர்கள் அந்தச் ‘சும்மா’வை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு.

லத்தீனில் ‘ரெக்ஸ்’ என்றால் அரசன். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. முதலில் அரச நிலையையும் அரசருக்கே உரிய உரிமைகளையும் குறித்தது. இங்கிலாந்தில் பொன்னும் வெள்ளியும் உள்ள சுரங்கம் யார் நிலத்தில் இருந்தாலும் அரசருடையது என்று 1568இல் தீர்ப்பே உண்டு. பின்னாளில், நிலக்கரியோ இரும்போ தோண்டுகிறவர் நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கும் ராயல்டி என்று பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது நூலாசிரியர்களிடமும் கண்டுபிடிப்பாளர்களிடமும் வந்து சேர்ந்தது.

தமிழில் இதே பாதையில் நடந்த சொல் ஒன்று இருக்கிறது: இறை. அரசன் என்றும் பொருள், அவனுக்குச் செலுத்தும் வரி என்றும் பொருள். ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்ற குறளில் (733) இரண்டு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வரி நீக்கப்பட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் இறையிலி. அப்படியே மாற்றினால் ‘ராயல்டி ஃப்ரீ’!

படச் சந்தையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் தொடரும் அதுதான். ‘ஃப்ரீ’ என்றதும் இலவசம் என்று எடுத்துப் போய் விளம்பரப் பலகையில் அடித்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஒருமுறை பணம் கட்டி உரிமம் பெற்றுவிட்டால், உரிமத்தின் வரம்புக்குள் எத்தனை தடவை பயன்படுத்தினாலும் மறுபடி கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடு. சோழர் கால இறையிலியிலும் இப்படி ஒரு வகை உண்டு: ஊர்ச்சபை ஒரு மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்த நிலத்துக்கு ஆண்டுதோறும் வரி கேட்பதில்லை என்று ஒத்துக்கொள்ளும். அந்தத் தொகைக்குப் பெயர் இறைத்திரவியம். ஆக, இறையிலியும் எப்போதும் இலவசமாகக் கிடைத்ததில்லை.

இன்னொரு முரண்: ‘ராயல்டி ஃப்ரீ’ படத்திலும் எடுத்தவருக்கு ராயல்டி வருகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் உரிமம் வாங்கும்போது நிறுவனம் அதில் ஒரு பங்கைத் தருகிறது. அடோபி ஸ்டாக் என்ற தளத்தில் புகைப்படத்துக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் என்ற இன்னொரு தளம் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், விற்ற எண்ணிக்கையைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை படிப்படியாக ஏறும். ஜனவரி பிறந்தால் எல்லோரும் மீண்டும் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். படம் ஏற்றுகிறவர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

ராயல்டியின் எதிர்ப்பக்கம் முழு உரிமை விற்பனை. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் எல்லோரும் பார்த்த பச்சைக் குன்றைக் கலிபோர்னியாவில் 1996இல் படமெடுத்தவர் சார்லஸ் ஓ’ரியர். 2000இல் மைக்ரோசாஃப்ட் அதன் முழு உரிமையையும் விலைக்கு வாங்கிவிட்டது. தொகை பெரியதுதான், ஆனால் கணினிக்குக் கணினி பங்கு கேட்க அதில் இடமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பதிப்புலகம் ‘உரிமைத்தொகை’ என்கிறது. நல்ல சொல்தான். ஆனால் 2023 செப்டம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதைச் சொன்னால் மகளிருக்கு மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. மேலும் ‘தொகை’யில் விற்பனைக்கேற்ப ஏறி இறங்கும் தன்மை இல்லை. என் ஓட்டு ‘உரிமைப் பங்கு’க்கு. விளைச்சலில் நிலத்துக்காரருக்குப் போவதை மேல்வாரம் என்று சொன்ன மொழிக்குப் பங்குக் கணக்கு புதிதல்ல. ‘ராயல்டி ஃப்ரீ’க்கு இறையிலியை இன்று எழுதினால் கடவுள் மறுப்பாளர் என்று படித்துவிடுவார்கள்; ‘ஒருமுறைக் கட்டண உரிமம்’ போதும். ‘உரிமைத்தொகை இல்லாத படம்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அது மறுபடி இலவசத்தில்தான் கொண்டுபோய் விடும்.

பங்கு கேட்க முதலில் உரிமை கையில் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் அவரே; வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். கல்யாண வீட்டில் எடுத்த படங்களைப் படச் சந்தையில் ஏற்ற நினைப்பவர், முன்பணம் வாங்கும் நாளிலேயே உரிமை தமக்கே என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். படத்தில் முகம் தெரிகிறவர்களின் ஒப்புதல் கையெழுத்து அதற்கு மேல் தனி.