குள்ளர் நாடு இருந்தால் பழைய வரைபடமா?

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பதும் அவற்றின் காலத்தைக் கணிப்பதும் என் தொழில். சீன மரஅச்சு வரைபடம் கொண்டுவருகிறவர்கள் பலர் முதலில் ஓர் ஓரத்தைத்தான் காட்டுவார்கள். "இங்கே குள்ளர் நாடு, பெண்கள் நாடு எல்லாம் இருக்கு. அப்படின்னா ரொம்பப் பழசுதானே?" விற்றவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தக் கதைகள் எனக்கு உயிர். ஆனால் அவற்றை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

1602-இல் இத்தாலியத் துறவி மத்தேயோ ரிச்சியும் அறிஞர் லி ஜிசாவும் பெய்ஜிங்கில் வெளியிட்ட உலக வரைபடத்தைப் பாருங்கள். குள்ளர் நாட்டுக்கு அதில் ஒரு குறிப்பு உண்டு: ஓரடிக்குச் சற்று மேல் உயரம், ஐந்து வயதில் பிள்ளை, எட்டு வயதில் முதுமை. நாரைக்கும் பருந்துக்கும் பயந்து குழிகளில் வாழ்வார்கள். கோடையில் ஆட்டின்மேல் ஏறிப்போய் அவற்றின் முட்டைகளை உடைப்பார்கள். இது சீனக் கதையே இல்லை. கொக்குகளோடு போரிடும் குள்ளர்களை ஹோமர் காலத்திலேயே கிரேக்கர் பாடிவிட்டார்கள். அதே வரைபடத்தின் வடக்கே பேய் நாடு: பகலில் ஒளிந்து இரவில் திரிகிறவர்கள், வாய் மட்டும் உச்சந்தலையில். இது சீன நூல்களில் வருவது. உலகின் இரண்டு மூலைக் கதைகளும் ஒரே வரைபடத்தில் ஏறியிருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கதையும் நிலமும் பிரிக்க முடியாமல் கிடக்கும் இடங்களும் உண்டு. மஞ்சள் ஆறு வானத்துப் பால்வீதியோடு சேர்கிறது என்றும், அதன் தோற்றுவாயைத் தேடித் தெப்பத்தில் போன ஹான் காலத் தூதர் ஜாங் சியென் நெசவுப் பெண்ணின் நட்சத்திரம் வரை போய்ச் சேர்ந்தார் என்றும் சொல்வார்கள். ஆற்றின் தலைப்பில் 'நட்சத்திரக் கடல்' என்ற நீர்ப்பரப்பு நிஜமாகவே இருக்கிறது. மேற்குச் சீனாவின் சிங்ஹாய் மேட்டுநிலத்தில், எண்ணற்ற சுனைகளும் குளங்களுமாக. 16-ஆம் நூற்றாண்டு மரஅச்சு நிலப்படத் தொகுப்பில் அது சுரைக்காய் வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னுரையில் இருக்கும் ஆண்டை நம்பிவிடாதீர்கள். பழைய வரைபடத்தை வாசகங்களோடு புதுப் பலகையில் மறுபடி செதுக்குவது அங்கே வழக்கமாக இருந்தது. ஹுவாங் சியென்ரென் 1767-இல் செய்த வரைபடம் 19-ஆம் நூற்றாண்டிலும் அப்படி வந்துகொண்டிருந்தது. நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயர்களை. ஆளும் பேரரசரின் இயற்பெயரில் வரும் எழுத்தை அப்படியே எழுதக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால்தான் 1723-இல் ஜென்டிங் நகரம் ஜெங்டிங் ஆனது. 1820-இல் பேரரசர் தாவோகுவாங் அரியணை ஏறியதும் 'நிங்' எழுத்துக்கு அந்த நிலை வந்தது. நான்னிங், சினிங் போன்ற பெயர்களில் அது உருமாறி இருந்தால், முன்னுரை 1767 என்றாலும் அச்சு 1820-க்குப் பிந்தையதுதான்.

அப்புறம் லென்ஸ். கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது இக்கால நகல். மரஅச்சில் மைபூசிய பலகையில் தாளை வைத்து, அதன் முதுகில் தூரிகையால் தேய்த்துத்தான் அச்செடுப்பார்கள். செப்புத்தகட்டு அச்சில் இருப்பதுபோல ஓரத்தில் அழுந்திய தடம் இருக்காது. பலகை வெடித்த இடத்தில் கோடு சட்டென்று விட்டுப்போயிருக்கும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை மெல்லிய தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறிவிட்டால் முழுதாக எடுக்க என்னாலும் முடியாது. கிழிந்தது கிழிந்தபடியே கொண்டுவாருங்கள்.