வளரூக்கியா, இயக்குநீரா?

இரத்தசோகை பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இப்படி ஒரு வரி: 'ஹெப்சிடின் என்னும் வளரூக்கி, குடல் இரும்பை உட்கவர்வதைத் தடுக்கிறது.' ஊக்கி எப்படித் தடுக்கும்? ஹார்மோனை வளரூக்கி என்று எழுதுவதைப் பலமுறை பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். இந்த வரிக்குப் பிறகு முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'ஹோர்மாவோ' என்றால் தூண்டி இயங்கவைத்தல். அதிலிருந்து பிறந்த ஹார்மோன் என்ற பெயரை 1905இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 1902இல் அவரும் வில்லியம் பேலிஸும் கண்டறிந்த செக்ரெடின், முன்சிறுகுடலில் தோன்றி, இரத்தத்தில் கலந்து, கணையத்தைச் சுரக்கவைப்பது. வளர்ச்சி என்ற பேச்சே அங்கே இல்லை.

வளரூக்கி என்பது வளர்ச்சியை ஊக்குவது. ஹார்மோன்கள் செய்யும் பல வேலைகளுள் வளர்ச்சி ஒன்று. ஒன்றின் பெயரை எல்லாவற்றுக்கும் சூட்டினால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனை என்னவென்று அழைப்பது? 'வளர்ச்சி வளரூக்கி' என்றா? தாவரங்களுக்காவது பொருந்தும் என்பார்கள். அங்கும் அப்சிசிக் அமிலம் வளர்ச்சியை அடக்கும் ஹார்மோன். வினையூக்கி என்ற சொல் வேறு வழக்கில் இருப்பதால், ஊக்கி என்றதும் மாணவர் மனம் உடலின் வினையூக்கியான நொதியின் பக்கம் போய்விடுகிறது.

குடலைப் பார்த்தால் குழப்பம் முழுதாகத் தெரியும். குடற்சுவரின் உயிரணுவுக்குள் நுழைந்த இரும்பு, இரத்தத்துக்குப் போக ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதமே வாயில். கல்லீரலில் உருவாகும் ஹெப்சிடின் அந்தப் புரதத்தைப் பற்றி அதைச் சிதையவைக்கிறது. வெளியேற முடியாத இரும்பு உயிரணுவிலேயே தங்கி, சில நாளில் அந்த உயிரணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். மிகுந்துபோன இரும்பைக் கழிக்க உடலுக்குத் தனி வழி கிடையாது. ஆகவே வாயிலிலேயே மறிப்பதுதான் ஹெப்சிடினின் தொழில். இதற்கா வளரூக்கி என்று பெயர்?

கால்சிட்ரியால் என்னும் ஹார்மோன் இதற்கு நேரெதிர். வைட்டமின் டி, சிறுநீரகத்தில் பெறும் இறுதி வடிவம் அது. கால்சியத்தைக் கடத்தும் புரதங்களைக் குடலில் பெருக்குகிறது. வைட்டமின் டி போதாதபோது உணவிலுள்ள கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடே உடலில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை சேரும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் சிறுநீரகத்தைத் தூண்டிக் கால்சிட்ரியாலைக் கூட்டுகிறது; அந்த வழியாகவே குடலை எட்டுகிறது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் மிகுந்தாலோ கால்சியம் உட்கவர்வு குறையும். கூட்டுவது, குறைப்பது, மறிப்பது, இன்னொன்றை ஏவுவது: இத்தனைக்கும் இடம்கொடுக்கும் சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம்மிடம் இருக்கிறது: இயக்குநீர். இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. தான் இயங்குவதன்று, பிறிதொன்றை இயங்கவைப்பது. கிரேக்க வேரின் பொருளும் அதுவே. பொறியை இயக்குகிறவர் விரைவைக் கூட்டவும் செய்வார், நிறுத்தவும் செய்வார். இரண்டும் இயக்குதலில் அடக்கம்.

'நீர்' பொருந்தாது, ஹார்மோன் ஒரு வேதிப்பொருள்தானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. உமிழ்நீர், கணையநீர் போலச் சுரப்பியின் நாளத்தின் வழி வடிவதன்று அது. ஆனாலும் உடலில் சுரப்பதை நீர் என்பது தமிழின் பழைய வழக்கம். 'இயக்கு' என்ற முன்சொல் அதைச் செரிமான நீர்களிலிருந்து பிரித்துவிடுகிறது. வளரூக்கியில் பிழை பொருளிலேயே இருக்கிறது. அதை எந்த முன்சொல்லாலும் திருத்த முடியாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. 'கால்சியம் செரிமானம்' என்று எழுதுகிறார்கள். மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும்தான் சிதைந்து செரிக்கும். கால்சியத்தில் செரிக்க ஒன்றுமில்லை, அது உட்கவரப்படுகிறது. அடுத்தது, கனிமத்தை வெறுமனே 'தாது' என்பது. சித்த மருத்துவத்தில் ஏழு உடற்கட்டுகளுக்கும் அதே பெயர் இருக்க, 'ஹார்மோன் தாதுவைக் கூட்டும்' என்று படிப்பவர் எதை நினைப்பார்? கனிமம் என்றோ தாது உப்பு என்றோ எழுத என்ன தடை?

இயக்குநீர் நாவுக்கு வரவில்லையென்றால் ஹார்மோன் என்றே எழுதுங்கள். பாடநூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. வளரூக்கி மட்டும் வேண்டாம்.