புகை வராத அடுப்புதான் எனக்குப் பயம்

விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரே ஆட்டோவில் நான்கு பேர் எங்கள் மருத்துவமனையில் வந்து இறங்கினார்கள். பாட்டி, மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். நான்கு பேருக்கும் தலைவலி, வாந்தி. மருமகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டோம் சாரே, மீன் கெட்டுப்போயிருந்தது போலிருக்கிறது" என்றார் மகன். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம் என்று காட்டியது. நாடி பார்க்கப் பாட்டியின் கையைப் பிடித்தபோதுதான் கவனித்தேன்: நகக்கண்கள் முழுவதும் கரி.

"அம்மா, ராத்திரி எதில் சமைத்தீர்கள்?"

"தேங்காய்ச் சிரட்டைக்கரியில்தான் மக்களே. மூன்று நாளாகக் கரண்டும் இல்லை, காஸும் தீர்ந்துபோனது. வெளியே மழை, அதனால் அறைக்குள்ளே வைத்தேன். பேரனின் பள்ளிச் சட்டையும் காயட்டும் என்று தணலை அப்படியே விட்டுவிட்டோம். புகையே இல்லையே மக்களே!"

இந்த மழைக்காலத்தில் நான் பார்க்கும் மூன்றாவது குடும்பம் இது. மூன்று குடும்பமும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னது. அதனால்தான் எழுதுகிறேன்.

புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பச்சை விறகில் வரும் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும், இருமவைத்து உங்களை வெளியே விரட்டும். அந்தப் புகையும் நல்லதல்ல, ஆனால் எச்சரிக்கவாவது செய்கிறது. கரித்தணல் எச்சரிப்பதே இல்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக்கூட எரியவைக்காது. தீ நாக்கு அடங்கி, தணலின்மேல் சாம்பல் பூத்து, "இனி அணைந்துவிடும்" என்று நீங்கள் படுக்கப் போகிறீர்களே, அந்த நேரத்திலும் மணிக்கணக்கில் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது உட்கார்ந்துகொள்கிறது. தூங்குகிறவருக்குத் தூக்கம் ஆழமாகிறது, அவ்வளவுதான் தெரியும். சிலர் எழுந்திருப்பதே இல்லை.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தோம் என்பார்கள். போதாது. அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்பார்கள். இழுத்துக்கொள்ளாது, இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. ஓட்டு வீடு, மேலே இடைவெளி இருக்கிறதே என்பார்கள். மழைச்சாரலுக்கு அந்த இடைவெளியில் தார்ப்பாய் கட்டியிருப்பதையும் அவர்களே சொல்வார்கள். ஆக்சிமீட்டரில் 99 இருந்ததே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த விஷம் ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் வைத்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். இளம் மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: தோல் செக்கச்செவேலென்று இருக்கும் என்று புத்தகத்தில் படித்ததை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உயிரோடு வருகிறவர்களிடம் நான் அதைப் பார்த்தது அரிது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள்.

ஒக்கி புயலுக்குப் பிறகு, 2017 டிசம்பர் முழுவதும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் ரோட்டில் கிடந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் விளக்கு எரியவில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தோம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. டார்ச், மெழுகுவர்த்தி, பவர் பேங்க் எல்லாம் வாங்கி வைக்கிறோம். சோறு எதில் பொங்குவது என்பதை மட்டும் கரண்ட் போன பிறகு யோசிக்கிறோம். அந்த நேரத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அறைக்குள் வருகிறது.

மழைக்கு முன்பே யோசித்தால் பெரிய செலவில்லை. வீட்டில் காஸ் இணைப்பு இருந்தால், அதற்கு மின்சாரம் தேவையில்லை. இரண்டாவது சிலிண்டர்தான் உங்கள் முதல் ஏற்பாடு. இண்டக்‌ஷன் அடுப்புக்கு முழுவதும் மாறியவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அது 2000 வாட் வரை இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. இரண்டாவது சிலிண்டருக்கு வழியில்லாதவர்கள் எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் 14.2 கிலோ ஒரு மாதம் வருகிறது என்றால் 5 கிலோ பத்து நாளைக்கு வரும். அதையும் முகவரிடம் வாங்குங்கள், சீல் பார்த்து வாங்குங்கள். தெருமுனைக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு மாற்றித் தருகிறார்களே, அங்கே வாங்காதீர்கள். தீக்காயப் பிரிவில் ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டீர்கள்.

காஸ் அடைத்த சின்ன டின்னைச் செருகும் பெட்டி அடுப்பு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நல்ல சாதனம்தான், முழுத் தீயில் ஒரு டின் ஒன்றரை மணி நேரம் வரலாம். ஆனால் அதன்மேல் பிரியாணி அண்டாவை ஏற்றாதீர்கள். பாத்திரம் டின் இருக்கும் பக்கத்துக்கு மேலே நீண்டால், சூடு டின்னுக்குத் திரும்பி அது வெடிக்கலாம். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து ஒரே தோசைக்கல்லைப் போடுவதும் அதே விபத்துதான். தீர்ந்த டின்னில் சமையல் காஸை அடைக்கவே கூடாது. சமையல் காஸின் அழுத்தம் அதிகம், அந்த மெல்லிய தகடு தாங்காது.

கடற்கரை ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எஞ்சினுக்கான பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒரே மாதிரி கேனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இருட்டில் கேன் மாறி ஸ்டவ்வில் ஊற்றிவிட்டு வந்த ஒரு பெண்ணின் கையை மாதக்கணக்கில் கட்டு மாற்றிப் பார்த்தோம். தயவுசெய்து பெட்ரோல் கேனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முடியவே இல்லையென்றால் கேனின் கழுத்தில் சிவப்புத் துணியாவது கட்டுங்கள். ஸ்பிரிட் அடுப்பானாலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வானாலும் எரியும்போது ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் தீ கண்ணுக்கே தெரியாது. வெள்ளம் வாசலுக்கு வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடியைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

விறகும் சிரட்டையும்தான் உண்டு என்கிற வீடுகளை நான் குறை சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் தென்னங்கொதும்புக்கும் சிரட்டைக்கும் பஞ்சமில்லை, காசும் ஆகாது. ஆனால் கூரை இறவாணத்துக்குக் கீழே, திண்ணையின் ஓரத்தில், மூன்று பக்கமாவது காற்றோடுகிற இடத்தில் வையுங்கள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு சமையுங்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள், மூடி போட்டுக் கொதிக்கவையுங்கள், கொதி வந்து சில நிமிடம் ஆனதும் இறக்கிப் பழைய போர்வையில் சுற்றி வையுங்கள். சோறு தானாக வேகும், எரிபொருளும் மிச்சம். தணலை வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணையுங்கள். குளிருக்கென்றோ துணி காயவென்றோ அதை உள்ளே எடுத்துவராதீர்கள்.

அந்த நான்கு பேருக்கும் முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தோம். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். மதியத்துக்குள் பேரன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வயிற்றுப்பிள்ளையின் ரத்தம் இந்த விஷத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் தாய்க்குத் தலைவலி தெளிந்த பிறகும் ஆக்சிஜனை நிறுத்தவில்லை. ஸ்கேனில் துடிப்பு இருந்தது. ஞாபக மறதியோ தடுமாற்றமோ சில வாரங்கள் கழித்தும் வரலாம் என்பதால் எல்லோரையும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டியின் கையில் கரி இல்லாமலிருந்தால், வாந்திக்கு ஊசி போட்டு, அதே அறைக்குத் திருப்பி அனுப்பியிருப்பேனோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழை நாளில் வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்து தலை சுற்றினால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும், என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன்னால், அடுப்பு எங்கே இருந்தது என்று சொல்லுங்கள்.