ரப்பர் விரிப்புக்கு அடியில் கடல்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு டிங்கரிங் பட்டறை. இருக்கைகள் கழற்றப்பட்ட பெரியப்பாவின் அம்பாசடர் வேப்பமர நிழலில் நின்றது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பை உருவி எறிந்த மேஸ்திரி, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரைத்தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் ‘ணங்’ என்றது. கதவுப் பக்கம் வர வர ஒலி மங்கி ‘தொப்’ என்றது. இன்னொரு தட்டில் பிடி உள்ளே இறங்கிவிட்டது. ஓட்டை வழியாகப் பட்டறை மணல் தெரிந்தது.

“ஐயா, இது தகடு இல்லை. தகடு மாதிரி நிற்கிற துரு” என்றார் மேஸ்திரி.

பெரியப்பாவால் நம்ப முடியவில்லை. வண்டியின் அடியில் கெட்டியாகத் தார்ப்பூச்சு இருந்தது. மேலே ரப்பர் விரிப்பு, அதன் அடியில் சத்தத்தை அடக்கும் நார்மெத்தை. இத்தனை மூடி வைத்த இடம் எப்படி அரிக்கும் என்று கேட்டார். அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் அதே இடத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தத் தகடும் ஏன் போயிற்று?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். மூடி வைத்ததால்தான் அரித்தது.

துரு என்றால் இரும்பும் காற்றும் ஈரமும் சேர்வது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் மூன்றும் ஒரே புள்ளியில் கூடிக்கொள்வதில்லை. துருப்பிடிக்கும் தகடு ஒரு சின்ன மின்கலம். ஓரிடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி வேறோர் இடத்தில் காற்றின் ஆக்சிஜனைச் சந்திக்கின்றன. இரு இடங்களையும் இணைக்கும் கம்பி தகடு; நடுவில் நிற்கும் மின்பகுளி, அதாவது மின்சாரம் கடத்தும் கரைசல், உப்பு கலந்த ஈரம்.

ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் எலக்ட்ரான்களை வாங்கும் முனையாகிறது. ஆக்சிஜன் எட்டாத இடம் எலக்ட்ரான்களைக் கொடுக்கும் முனையாகிறது. கரைவது கொடுக்கும் இடம். ஆகவே காற்றுப் படாத மூலைதான் தேய்கிறது, காற்றுப் படும் இடம் தப்பிக்கிறது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் 1920-களில் ஒரே ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டு இதைக் காட்டினார். நாமும் செய்து பார்க்கலாம். சாதாரண இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் ஒரு சொட்டு உப்புநீர் விட்டுக் காத்திருங்கள். சொட்டின் ஓரத்திற்குக் காற்று எளிதில் போகும், நடுவுக்குப் போகாது. பழுப்புத் துரு ஒரு வளையமாகத் தோன்றும். பிறகு துடைத்துப் பார்த்தால் அரிப்பு வளையத்திற்கு உள்ளே, சொட்டின் நடுவில் இருக்கும். துரு தெரிகிற இடம் வேறு, இரும்பு தொலைந்த இடம் வேறு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு சொட்டை மறக்காமல் இருந்தால் நிறையப் பணம் மிஞ்சும்.

ரப்பர் விரிப்பின் அடிப்பாகம் அந்தச் சொட்டின் நடுப்பகுதியைப் போன்றது. கதவு ரப்பரிலும் முன்கண்ணாடி ரப்பரிலும் கசியும் நீர் நார்மெத்தையில் ஊறி அங்கேயே தங்குகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊருக்குள் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வீதியில் நின்ற தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிட்டது. விரிப்புக்கு அடியில் இருந்த ஈரம் வடியவில்லை.

நம் ஊரில் மழையே இல்லாவிட்டாலும் தகடு நனைகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. நீர் ஆவியானாலும் உப்பு தங்குகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுவைக் கடற்கரைச் சாலையிலோ காற்று அவ்வளவு வறண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் தகட்டின் மேல் உப்பு இருக்கும்வரை ஒரு மெல்லிய ஈரப்படலமும் இருந்துகொண்டே இருக்கிறது.

குளோரைடின் இன்னொரு குணம் மோசமானது. இரும்பு கரையும் குழிக்குள் அது புகுந்து இரும்புக் குளோரைடாகிறது. அது நீரோடு வினைபுரியும்போது குழிக்குள் அமிலம் பிறக்கிறது. இரும்பு துருவாக மாறி வெளியேறுகிறது, குளோரைடு அடுத்த சுற்றுக்குத் தயாராக அங்கேயே நிற்கிறது. இந்த வேலையில் உப்பு செலவாவதில்லை.

பழைய ஒட்டு தோற்ற காரணமும் இங்கேதான். அந்தப் பட்டறையில் அரித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்து, மேலே பட்டி பூசிவிட்டார்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி; அதற்குள் பழைய துரு, பழைய உப்பு, நுழைந்த ஈரம். காற்று மட்டும் இல்லை. அரிப்பதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் எடுக்கும். அந்த வீக்கமே இரு தகடுகளையும் பிளந்து ஈரத்துக்கு வழி திறந்துவிட்டது. மேஸ்திரி வெட்டி எடுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் பரோட்டா போல அடுக்கு அடுக்காக இருந்தது. நகத்தால் நெம்பியதும் ஒரு அடுக்கு கழன்று உள்ளங்கையில் பொடிந்தது.

போனால் போகட்டும் என்று ஓட்டையோடு ஓட்ட முடியாதா? சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தனிச் சட்டகம் உண்டு. பாரத்தை அது தாங்கும். அம்பாசடருக்கு அப்படித் தனிச் சட்டகம் கிடையாது. தரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டி வடிவ விளிம்பு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. தகடு வளைவை எதிர்க்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். இருக்கையின் போல்ட்டுகள் இறங்குவதும் இந்தத் தரையில்தான். மோதலில் அவை பிடுங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் வெட்டும் முன் மேஸ்திரி வேறொரு வேலை செய்தார். வண்டியைச் சமதளத்தில் தாங்கு கட்டைகள் மேல் ஏற்றினார். கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கோணச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். இது இல்லாமல் தரையை வெட்டினால் உடல் தன் எடையிலேயே சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால் கோணல் நிரந்தரமாகும், கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, அடியில் ஓடும் எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் விலக்கினார். நார்மெத்தை துளிகூட மிஞ்சாமல் அள்ளிய பிறகுதான் நெருப்பு வந்தது.

கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை உள்ளங்கை அளவு. கிரைண்டரால் தேய்த்துக்கொண்டே போய், குழியில்லாத பளபளப்பான இரும்பு வந்த இடத்தில் வெட்டியபோது திறப்பு ஒரு முறம் அளவுக்கு வந்துவிட்டது. பெரியப்பாவின் முகம் வாடியது. ஆனால் குழிக்குள் குளோரைடு மிஞ்சக்கூடாது என்றால் வேறு வழியில்லை.

புதுத் தகடு சுமார் 1 மில்லிமீட்டர் கனம். அதை அப்படியே தட்டையாக வைத்தால் காலடியில் டமாரம் போல அதிரும். பழைய தரையில் நீள நீளமாக எழுந்திருந்த வரப்புகளைப் போலவே இதிலும் மரக்கட்டையில் வைத்து அடித்து எழுப்பினார். நெளிவுத் தகரம் கூரையில் விறைப்பாக நிற்பதும் இப்படித்தான்: கனம் கூடவில்லை, வடிவம் உயரம் கொடுக்கிறது.

பற்றவைப்பதில் எதிரி வெப்பம். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி அக்கம்பக்கத்தை இழுக்கும். ஒரே மூச்சில் விளிம்பு முழுவதையும் பற்றவைத்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். மேஸ்திரி ஒரு மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு என்று வைத்து, தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே அடுத்ததற்குப் போனார். அரை நாள் ஆனது. அந்தப் பொறுமைக்குக் கொடுக்கும் கூலி கொஞ்சமும் அதிகமில்லை.

விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மறுபடியும் அதே மயிரிழை இடைவெளி வரும் அல்லவா? அங்கே முன்கூட்டியே துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசினார். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களைக் கொடுக்கும். இருக்கும்வரை இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும். அதன் புகை உடம்புக்கு ஆகாது, காய்ச்சல் வரும். அதனால் திறந்த வெளியில் முகமூடியோடு வேலை நடந்தது. வெட்ட முடியாத மூலைகளில் மிஞ்சிய மெல்லிய துருவுக்கு, டானின் என்ற துவர்ப்புப் பொருள் கலந்த துருமாற்றி. தடவிய இடம் கருநீலமானதைப் பார்த்ததும் பெரியப்பா “கடுக்காய் மை!” என்றார். உண்மையாகவே அதே வேதியியல்தான். கடுக்காயின் டானினும் அன்னபேதி என்ற இரும்பு உப்பின் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் காலத்து எழுதும் மை.

மூட்டுகளுக்கு இருபுறமும் ரப்பர்ப் பசை, அதன்மேல் பெயிண்ட், கதவுக்குக் கீழுள்ள பெட்டிக்குள் மெழுகுத் தெளிப்பு. இவையெல்லாம் பங்குனி வெயிலில் முடிந்தன. ஐப்பசியில் வெட்டியிருந்தால் தேய்த்த இரும்பு விடிவதற்குள் செம்மை பூத்திருக்கும்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி கோணச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது வரப்புகளின் நடுவே ஓடி, வடிகால் துளை வழியாக மணலில் சொட்டியது. நார்மெத்தையைத் திரும்பப் போட வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.